பிரஷர் இருக்கிறது, ஜிம்முக்குப் போகலாமா டாக்டர்?

வாசகி கேட்கிறார்: எனக்கு 53 வயது. நான்கு வருடமாக பி.பி. இருக்கிறது. காலையில் மெட்டோப்ரோலால் 50, இரவில் அம்லோடிபின் 5 சாப்பிடுகிறேன். வீட்டு மெஷினில் பார்த்தால் 130/80 முதல் 138/86 வரை காட்டும். சர்க்கரை இல்லை. எடை கூடிவிட்டது என்று மகள் ஜிம்மில் சேர்த்துவிட்டாள். முதல் வாரம் டிரெட்மில்லில் 20 நிமிடம் நடந்து இறங்கியதும் அங்கேயே இருந்த மெஷினில் பார்த்தால் 168/84! பயந்துபோனேன். அடுத்த வாரம் டிரெய்னர் காலால் எடையைத் தள்ளும் மெஷினில் உட்காரவைத்து, "தம் பிடிச்சுத் தள்ளுங்க ஆன்ட்டி" என்றார். தள்ளி முடித்தபோது தலை கனத்து, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. பிரஷர்காரிக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டில் திட்டியதால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஆனால் என் டாக்டர் ஒவ்வொரு தடவையும் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றுதான் சொல்கிறார். உடற்பயிற்சியால் பி.பி. ஏறுமா, இறங்குமா? வாட்சில் துடிப்பு 105-ஐத் தாண்டுவதே இல்லை, அது சரியா? சுவரில் சாய்ந்து நாற்காலி இல்லாமல் உட்காரும் பயிற்சி பி.பி.க்கு நல்லதாமே? ஒழுங்காகச் செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

டாக்டர் பதில்:

நடையை நிறுத்தியது வேண்டாத வேலை அம்மா, அந்த மெஷினை விட்டு எழுந்து வந்தது சரியான வேலை. உங்கள் வீட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

168-ஐ முதலில் பார்ப்போம். நடக்கும்போது கால் தசைகள் அதிக ரத்தம் கேட்கின்றன, இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் அடித்து அதைக் கொடுக்கிறது, அதனால் மேல் அளவு ஏறத்தான் செய்யும். பிரஷரே இல்லாத ஆரோக்கியமான ஒருவர் மூச்சிரைக்க ஓடினால் அவருக்கும் 180, 200 வரை போகும். அதே நேரத்தில் வேலை செய்கிற தசைகளுக்குள் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து வழிவிடுகின்றன, ஆகவே கீழ் அளவு பெரிதாக மாறாது, சிலருக்குக் கொஞ்சம் இறங்கவும் செய்யும். உங்களுக்கும் 84-இல்தான் நின்றிருக்கிறது. அது உங்கள் உடம்பு ஒழுங்காக வேலை செய்ததற்கான அளவு, நோயின் அளவு கிடையாது. டிரெட்மில்லிலிருந்து இறங்கின கையோடு பி.பி. பார்ப்பதை விட்டுவிடுங்கள். உடற்பயிற்சி, காபி, சிகரெட் எதுவானாலும் முடிந்து அரை மணி நேரமாவது போக வேண்டும். அப்புறம் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் வைத்து, கை இதய மட்டத்தில் இருக்கும்படி மேஜையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். அந்த அளவை வைத்துத்தான் எந்த முடிவும் எடுக்க வேண்டும்.

நடை முடிந்து கொஞ்ச நேரத்தில் நடப்பதுதான் நமக்கு வேண்டியது. விரிந்த ரத்தக் குழாய்கள் உடனே பழைய நிலைக்குச் சுருங்குவதில்லை, குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளின் முடுக்கமும் தளர்ந்திருக்கிறது, அதனால் பி.பி. நடப்பதற்கு முன் இருந்ததைவிடக் கீழே இறங்கிப் பல மணி நேரம் அப்படியே இருக்கும். சிலருக்கு ஒரு நாள் முழுக்கக்கூட நீடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வேர்த்துக் கொட்டுவதைவிட வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பது மேல் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரு நாள் நடையின் பலன் தீருவதற்குள் அடுத்த நடை வந்துவிட வேண்டும். வாரக்கணக்கில் இப்படிப் போனால் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் அளவே மெல்ல இறங்குகிறது. எவ்வளவு இறங்கும் என்றால், பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அளவில் சராசரியாக 5 முதல் 8 வரை என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது ஒரு மாத்திரை தரும் பலனுக்குப் பக்கத்தில் வருகிறது, அதோடு உடல் எடை ஒவ்வொரு கிலோ குறையும்போதும் சுமார் 1 புள்ளி தனியாக இறங்கும்.

சரி, யார் ஆரம்பிக்கலாம், யார் பொறுக்க வேண்டும்? ஓய்வில் எடுத்த அளவே 180/110-ஐத் தொடுகிறவர் முதலில் டாக்டரைப் பார்த்து மருந்தால் அதைக் கீழே கொண்டுவர வேண்டும், பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகு. இந்த இரண்டில் ஒன்று மட்டும் அந்த அளவில் இருந்தாலும் அப்படித்தான். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறவர், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், குடும்பத்தில் சின்ன வயதிலேயே திடீர் மரணம் பார்த்தவர், இவர்களெல்லாம் டாக்டரிடம் கேட்காமல் ஜிம் பக்கம் போகவே கூடாது. உங்கள் அளவுகள் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கின்றன. என்றாலும் அந்த மெஷினில் தலை கனத்ததையும் கண்ணில் பூச்சி பறந்ததையும் உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்கட்டும், சரி என்றதும் எடைப் பயிற்சிக்குத் திரும்பலாம். மெதுவான நடைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த மெஷின். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் ஜிம்மில் பிரஷர்காரர்களுக்கு நடக்கும் தவறுகளில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான், அதைச் செய்யச் சொல்வதும் பெரும்பாலும் நல்லெண்ணம் உள்ள டிரெய்னர்கள்தான்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். காலை மடக்கி, பலகையில் பாதத்தை வைத்து, மூச்சை உள்ளே இழுத்துத் தொண்டையை அடைத்துக்கொண்டு, வயிற்றை இறுக்கி, பல்லைக் கடித்துத் தள்ளினீர்கள். கைப்பிடியை விரல் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். அடைபட்ட மூச்சால் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறது, அது நேராக ரத்தத்தின் மேல் போய் உட்காருகிறது. அதே நொடியில் உடம்பிலேயே பெரிய தசைகளான தொடைத் தசைகள் முழுப் பலத்தோடு இறுகித் தங்களுக்குள் ஓடும் குழாய்களையே நசுக்குகின்றன. நடக்கும்போது விரிந்து வழிவிட்ட அதே குழாய்கள் இப்போது அடைபட்டு நிற்க, இதயம் மூடின கதவை முட்டுகிற மாதிரி அடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் மேல் அளவு, கீழ் அளவு இரண்டும் சேர்ந்து ஏறும். பிறகு எடையை இறக்கி மூச்சை விட்டதும் அழுத்தம் சட்டென்று சரிகிறது, மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறைகிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது. உங்களுக்கு நடந்ததும் அநேகமாக இதுதான்.

எவ்வளவு ஏறும் என்பதை 1985-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். அனுபவமுள்ள ஐந்து பாடி பில்டர்களின் கை ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவியைச் செருகி வைத்துக்கொண்டு, அதிக எடையை இனி முடியாது என்கிற வரை தூக்கவும் தள்ளவும் சொன்னார்கள். இரண்டு காலாலும் தள்ளும் லெக் பிரஸ்ஸில் சராசரியாக 320/250 வந்தது. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. அவர்கள் இளைஞர்கள், பழகிய உடம்பு, சில நொடிகள்தான், தாங்கிக்கொண்டார்கள். நான்கு வருடமாக அதிக அழுத்தத்தைச் சுமந்துகொண்டிருக்கும் 53 வயது ரத்தக் குழாய்களை அந்தச் சோதனைக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

இதைப் படித்துவிட்டு எடையே தொடமாட்டேன் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். எடைப் பயிற்சி உங்களுக்கு வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். இந்த வயதில் தசையும் எலும்பும் தேய்வதைத் தடுக்க நடை மட்டும் போதாது, அதோடு மிதமான எடைப் பயிற்சியும் பி.பி.யைக் குறைக்கத்தான் செய்கிறது. விலக்க வேண்டியது அளவு மீறிய எடையையும் தம் கட்டுவதையும். பன்னிரண்டு, பதினைந்து முறை தூக்கிய பிறகும் இன்னும் இரண்டு மூன்று முறை முடியும் என்று தோன்றுகிறதா, அதுதான் உங்கள் எடை. தள்ளும்போது அல்லது தூக்கும்போது வாய் வழியாக மூச்சை ஊதி விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். இது மறந்துபோகிறவர்கள் சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே தூக்கலாம், எண்ணுகிற வாயால் தம் கட்ட முடியாது. கைப்பிடியைத் தளர்வாகப் பிடியுங்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஒன்றிரண்டு நிமிடம் இடைவெளி விடுங்கள். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று டிரெய்னர் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினால், எனக்கு பி.பி. இருக்கிறது, மூச்சை அடக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்காத டிரெய்னரை மாற்றுங்கள்.

வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். 105-ஐத் தாண்டாததற்குக் காரணம் உங்கள் காலை மாத்திரை. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இதயத் துடிப்புக்கு ஒரு கூரை போட்டுவிடும், நீங்கள் எவ்வளவு முயன்றாலும் துடிப்பு அந்தக் கூரைக்கு மேலே போகாது. 220-இல் வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் என்று ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் கணக்கு இந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்குப் போட்டது. அதைத் துரத்திக்கொண்டு டிரெட்மில் வேகத்தைக் கூட்டினீர்கள் என்றால் ஆபத்து. உங்களுக்கு உங்கள் பேச்சுதான் அளவுகோல். நடந்துகொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இந்த மாத்திரை சாப்பிடும்போது சீக்கிரம் களைப்பு வருவதும் சகஜம், நம்மால் முடியவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு, முடிந்தவர்கள் 300 வரை போகலாம். முதல் நாளே அதற்கு ஓட வேண்டாம். முதல் இரண்டு வாரம் 15 நிமிடம், அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள், வேகத்தை அதற்கும் பிறகு கூட்டலாம். நேரமில்லாத நாளில் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டாலும் கணக்கில் சேரும். நடைதான் வேண்டும் என்றில்லை, சைக்கிளோ நீச்சலோ எது பிடிக்கிறதோ அது. ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து குழாய்கள் விரிய நேரம் கொடுங்கள். கடைசியில் ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக நடந்துதான் முடிக்க வேண்டும், இதை மட்டும் எவ்வளவு அவசரம் என்றாலும் விட்டுவிடாதீர்கள். வேகமாகப் போய்க்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று நின்றால், காலில் விரிந்திருக்கும் குழாய்களிலேயே ரத்தம் தேங்கிவிடும், அதை மேலே தள்ளிக்கொண்டிருந்த கால் தசைகளும் நின்றுவிட்டன, தலை சுற்றும், சிலர் விழுந்தே விடுவார்கள். உங்கள் அம்லோடிபின் குழாய்களை விரிக்கிற மருந்து என்பதால் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். நடந்து முடித்ததும் நேராகப் போய்ச் சுடுநீரில் குளிப்பதும் இதே காரணத்தால் வேண்டாம், கொஞ்சம் ஆறவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும், இதைப் படிக்கும் பலர் சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருப்பார்கள். வெயிலில் அதிக நேரம் பயிற்சி செய்தால் அவர்களுக்கு உடம்பில் நீர் வற்றித் தசை பிடித்துக்கொள்ளும், பி.பி. அளவுக்கு மீறிக் குறையும், தண்ணீர் கையில் இருக்க வேண்டும். அதற்காக உப்பு கலந்த விளையாட்டுப் பானங்களை வாங்கிக் குடிக்க வேண்டாம், அரை மணி நேர நடைக்குத் தண்ணீரே போதும், பிரஷர்காரருக்கு அந்த உப்பு தேவையில்லாதது. கடுங்குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி பி.பி. ஏறும் என்பதால் நன்றாகப் போர்த்திக்கொண்டு, உடம்பைச் சூடேற்றும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். காய்ச்சல் நாட்களில் ஓய்வுதான்.

நீங்கள் கேட்காத இன்னொன்றும் இருக்கிறது. புதிதாகப் பயிற்சி ஆரம்பிக்கிறவர்களுக்கு முழங்கால் வலிக்கும், உடனே டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் என்று வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இந்த வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும், பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். ஒழுங்காக நடந்தும் அளவு இறங்கவில்லையே என்று கவலையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான். ஜிம்மில் பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லித் தரும் பொடிகளும் வேண்டாம், பலவற்றில் காஃபின் ஏராளமாக இருக்கும்.

சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சி பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. 2023-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 270 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 15,800 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை வந்தது. அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகள் மேல் அளவைச் சராசரியாக 8 புள்ளி குறைத்திருந்தன, நடை, ஓட்டம் போன்றவை 4.5 அளவுக்கு. அதிலிருந்துதான் இவ்வளவு பேச்சும். வழக்கமான முறை, முதுகைச் சுவரில் ஒட்டி முழங்காலை மடக்கி இரண்டு நிமிடம் தாங்குவது, இடையில் ஓய்வு, இப்படி நான்கு முறை, வாரம் மூன்று நாள். ஆனால் அதைப் படித்துவிட்டு நடையைக் கைவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடை எடைக்கும், சர்க்கரை வராமல் தடுக்கவும், இதயத்தின் தாங்குதிறனுக்கும், தூக்கத்துக்கும் செய்வதைச் சுவர் செய்யாது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அதோடு, அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் அந்த நேரத்தில் பி.பி. ஏறும், தொடை எரிய ஆரம்பித்ததும் தன்னையறியாமல் மூச்சை அடக்கிவிடுவோம், அங்கேதான் உங்களுக்குக் கவனம் வேண்டும். நடை ஆறு எட்டு வாரம் பழகி, டாக்டரும் சரி என்ற பிறகு, முழங்காலைப் பாதி மட்டும் மடக்கி 20, 30 நொடியில் ஆரம்பியுங்கள், மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். முழங்கால் வலித்தால் விட்டுவிடுங்கள். தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தொட வேண்டாம், நீண்ட நேரம் குனிந்தே இருப்பதையும் தவிருங்கள்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்? நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இறுக்கம், அது தாடைக்கோ கைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, நின்ற பிறகும் அடங்காத மூச்சுத் திணறல், தாறுமாறான படபடப்பு, மயக்கம், இவற்றில் எது வந்தாலும் உட்கார்ந்துவிடுங்கள், உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் நேராக மருத்துவமனை. வாய் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆம்புலன்ஸ்தான். கணுக்கால் வீக்கம் வேறு விஷயம், அம்லோடிபின் சாப்பிடும் பலருக்கு அது வரும், அடுத்த தடவை டாக்டரிடம் காட்டினால் போதும்.

கடைசியாக மாத்திரை. நீங்களாக நிறுத்தவே கூடாது, அதிலும் மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் அதுவரை அடங்கியிருந்த இதயம் படபடவென்று அடித்து, பி.பி. பழையதைவிட அதிகமாக ஏறி, சிலருக்கு நெஞ்சுவலி வரை கொண்டுபோய்விடும். மூன்று மாதம் விடாமல் நடங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டு அளவு 135/85-க்கு நன்றாகக் கீழே நிலைத்திருந்தால், அல்லது எழுந்து நிற்கும்போது தலை சுற்றும் அளவுக்கு இறங்கியிருந்தால், அவரே ஒரு மாத்திரையின் அளவை மட்டும் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம். சிலருக்குக் குறையும், பலருக்கு மாத்திரையும் நடையும் சேர்ந்தே தொடரும். குறைத்த பிறகு ஒரு மாதம் வரை அளப்பதை விடாதீர்கள், நடையையும் விடாதீர்கள், ஏனென்றால் நடையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பி.பி. பழைய இடத்துக்கு ஏறிவிடும், அப்போது உடம்பில் பாதி மாத்திரைதான் இருக்கும்.